கண்ணாடிக்கடைக்காரரின் கருத்துப் பலகை

நீலச்சட்டை அணி அந்த வருடம் பதினான்கு ஆட்டங்கள் ஆடியிருந்தது. பதினொன்றில் தோல்வி, இரண்டில் சமநிலை, ஒன்றில் வெற்றி. அந்த ஒரு வெற்றியும் எதிரணிக்காரன் ஒருவன் தன் கோலுக்குள்ளேயே பந்தை முட்டிப் போட்ட தர்மம்.

இந்த அழகைப் பார்க்கத்தான் கண்ணாடிக்கடைக்காரர் நாற்பது வருடங்களாக மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் போக ஆரம்பித்தபோது உட்கார மரப்பலகை. இப்போது பிளாஸ்டிக் நாற்காலி. இடையில் அவர் தலைமுடி போனது, முழங்கால் போனது, அணிக்கு இருந்த மரியாதையும் போனது. போகாமல் நின்றது அவருடைய கருத்து ஒன்றுதான்.

அவர் நடத்தியது மூக்குக்கண்ணாடிக் கடை. நீளம் குறைந்த சின்ன இடம். கண் சோதிக்கும் அட்டையை எதிரே தொங்கவிட்டால் தூரம் போதாது. அதனால் அட்டையை வாடிக்கையாளரின் முதுகுக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி வைத்திருந்தார். வருகிறவர்கள் அதற்குள் தெரியும் அட்டையைப் படிப்பார்கள். அவரும் பக்கத்தில் நின்றுகொண்டு அவர்கள் முகத்தை அதற்குள்ளேயே பார்ப்பார். முப்பது வருடப் பழக்கம்.

கடைவாசலில் ஒரு வெள்ளைப் பலகை. ஆட்டம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில், அதில் கருத்து எழுதுவார். கண் சோதிக்கும் அட்டை மாதிரியே எழுதுவார். முதல் வரியில் கோல் கணக்கு, கை அகல எழுத்தில். அடுத்தது பயிற்சியாளருக்கு, கொஞ்சம் சின்னதாக. அதற்குக் கீழே ஆட்டக்காரர்களுக்கு, இன்னும் சின்னதாக. கடைசி வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். விஷம் முழுக்க அதில்தான். தெருவின் அந்தப் பக்கம் நின்று அதைப் படித்துவிட்டால் உங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. படிக்க முடியாமல் தெருவைத் தாண்டி வருகிறவர்களில் பாதிப் பேர் கடைக்குள்ளும் வந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு சங்கடம். அவர் கருத்து பலித்ததே இல்லை. "மரக்கட்டை, அனுப்பிவிடலாம்" என்று எழுதினால், அந்த மரக்கட்டை வேறு அணிக்குப் போய் கோலாகப் போட்டுத் தள்ளும். "இவன்தான் நம் எதிர்காலம்" என்று எழுதினால், எதிர்காலம் அடுத்த வாரமே காலை உடைத்துக்கொண்டு படுத்துவிடும்.

"அண்ணே, நீங்க எழுதறதுக்கு நேர்மாறா செஞ்சாப் போதும், கப்பு நமக்குத்தான்" என்பார் மைதானத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் தையல்காரர்.

"நீ தச்ச சட்டை மாதிரிதான்யா என் கருத்தும். கொஞ்சம் போட்டுப் பழகினா சரியாயிடும்."

ஆனால் இந்த வருடம் அவருக்கே சலித்துவிட்டது. எத்தனை விதமாகத்தான் திட்டுவது? பயிற்சியாளரைத் திட்டினார், புல்லைத் திட்டினார், நடுவரைத் திட்டினார். "கண்ணாடி வேணும்னா இலவசமாத் தர்றேன்" என்று நடுவருக்கு எழுதி மூன்று வாரம் ஓட்டினார். ஆறு வாரமாக மிஞ்சியிருந்தது கோல்கீப்பர் மட்டும்தான். நெட்டையன். தாழ்வாக வரும் பந்தெல்லாம் அவன் காலடியில் நழுவி உள்ளே போனது. "கொடிமரம்" என்று பெயர் வைத்தார். "குனியச் சோம்பேறி" என்று கடைசி வரியில் எழுதினார்.

வீட்டில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. காரணம், அவருடைய ஒரே மகள். இரண்டு வருடங்களாக அதே அணியில் பிசியோவாக இருந்தாள். தசைப்பிடிப்பு, சுளுக்கு, வீக்கம் எல்லாம் அவள் கையில்தான். வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்: சிகிச்சை அறையில் தெரிந்தது வெளியே போகக் கூடாது. அவள் அப்பாவை முன்னிட்டு அந்த வரிக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தார்கள்.

"ஏம்மா, அந்தக் கொடிமரத்துக்கு இடுப்புப் பிடிப்பா?" என்பார் சாப்பிடும்போது.

"குழம்பு போட்டுக்கறீங்களாப்பா?"

"சும்மா ஒரு பொதுவான கேள்விதானே?"

"ஏங்க, அவளைச் சாப்பிட விடுங்க" என்பாள் மனைவி. அத்தோடு பேச்சு முடியும்.

பதினான்காவது ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்தது. கண்ணாடிக்கடைக்காரர் எதிரணிக் கோலுக்குப் பின்னால் இருக்கும் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் பார்க்கச் சகிக்காமல், பைனாகுலரை எடுத்து அந்தக் கோடியில் நின்ற கீப்பரைப் பார்த்தார். நல்ல புதுத் திட்டு ஏதாவது கிடைக்காதா என்றுதான் பார்த்தார்.

அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

முதலில் அலட்சியம் என்று நினைத்தார். பந்து தாழ்வாக வரும்போதெல்லாம் சாய்வு அதிகமானது. மேலே வரும்போது குறைந்தது. இந்தச் சாய்வை அவர் கடையில் பத்துப் பேரிடமாவது பார்த்திருக்கிறார். கண்ணை அசைக்கும் நரம்பில் அடிபட்டவர்கள் அப்படித்தான் சாய்ப்பார்கள். இல்லாவிட்டால் ஒன்று இரண்டாகத் தெரியும். மூன்றாவது ஆட்டத்தில் அவன் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டு விழுந்தது அவருக்கு நினைவு வந்தது.

"யோவ், அவனுக்கு ரெண்டு பந்து தெரியுதுய்யா" என்றார்.

"ஒரு பந்தையே பிடிக்க மாட்டேங்கறான். இன்னொண்ணு வேறயா?" என்றார் தையல்காரர்.

அன்றைக்கு இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். மறுநாள் காலை பலகையில் மேலே "0 – 2". கடைசி வரி இப்படி இருந்தது: "கீப்பரைத் திட்டிப் பயனில்லை. வலது கண் நரம்பில் அடி. தாழ்ந்து வரும் பந்து இரண்டாகத் தெரிகிறது."

உண்மையில் அந்த வரியில் அவர் திட்டவே இல்லை. இரக்கப்பட்டு எழுதியதாகத்தான் நினைத்துக்கொண்டார். ஆனால் யாரோ அதைப் படம் எடுத்தார்கள். மதியத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த ஞாயிறு வந்த அணியும் பார்த்திருந்தது. வந்தவர்கள் பந்தை முழங்காலுக்கு மேலே தூக்கவே இல்லை. எல்லாம் தரையோடு தரையாக. மாற்றுக் கீப்பருக்கு விரல் முறிந்திருந்ததால் இவனே நின்று வாங்கினான். ஐந்து கோல்.

அன்று மாலை மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அவன் கண்ணைப் பத்தி உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே பார்த்தேன்."

"நீங்க எழுதறதுக்கு மூணு நாள் முன்னாடிதான்பா டாக்டர் ரிப்போர்ட்டே வந்தது. அது நாலு பேருக்குத்தான் தெரியும். நாளன்னிக்கு என்னை விசாரிக்கறாங்க. நான்தான் உங்ககிட்ட சொன்னேன்னு முடிவே பண்ணிட்டாங்க."

"அப்ப நான் சொன்னது சரிதானா!" அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்பது வருடத்தில் முதல் தடவை. அடக்க முடியவில்லை, பாவம்.

மகள் அவரைப் பார்த்த பார்வையில் அந்த மலர்ச்சி அப்படியே வாடியது.

"அவன் தன் அம்மாகிட்டக்கூடச் சொல்லாம வச்சிருந்தான்பா" என்றாள். "அவனை ஆட்டத்துல இறக்காதீங்கன்னு கோச்சுகிட்ட நான் சொன்னேன். ஒரே ஒரு மேட்ச்னாங்க. இப்ப என் வேலையும் போகப்போகுது. இதுக்கப்புறம் எந்த டீம்ல என்னைச் சேர்ப்பாங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் மகளைக் கெடுத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் கடையைத் திறக்கவில்லை. வராதீர்கள் என்று மகள் சொல்லியும் கேட்காமல் அவளுக்குப் பின்னாலேயே அணி அலுவலகத்துக்குப் போனார். நீள மேஜை. பின்னால் அலமாரியில் தூசி படிந்த பழைய கோப்பைகள். செயலாளர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பயிற்சியாளர், ஒரு வாரமாகத் தூங்காதவர் மாதிரி. மகள் சுவரோரம் நின்றாள்.

"நீங்களே வந்தது நல்லதாப் போச்சு சார்" என்றார் செயலாளர். "எனக்குத் தெரியும், கோச்சுக்குத் தெரியும், கீப்பருக்குத் தெரியும், உங்க பொண்ணுக்குத் தெரியும். உங்க பலகைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பார்த்தேன். என் சீட்லேருந்து."

"நூறு மீட்டர் தூரத்துலேருந்தா?"

"பைனாகுலர் இருக்கு. முப்பது வருஷமா கண்ணு பார்க்கறதுதான் சார் என் பொழப்பு."

"நானும் எட்டு வருஷமா உங்க பலகையைப் படிக்கறேன். இதுவரைக்கும் ஒண்ணாவது பலிச்சிருக்கா? இது மட்டும் எப்படிப் பலிச்சுது?"

"போன வருஷம் என்னைச் சிறந்த பயிற்சியாளர்னு எழுதினார்" என்றார் பயிற்சியாளர், மேஜையைப் பார்த்தபடி. "அதுலேயே தெரியலையா இவர் பார்வை?"

கண்ணாடிக்கடைக்காரருக்கு ரோஷம் வந்தது. எழுந்து நின்று விளக்கினார். "அவன் தலையை இடது தோள் பக்கம் சாய்க்கறான். வலது கண்ணுல அடிபட்டாத்தான் இடது பக்கம் சாயும். இது யார் சொல்லியும் வர்ற விஷயம் இல்ல சார். பார்த்தாத்தான் தெரியும்!"

செயலாளர் ரிப்போர்ட் ஃபைலைப் பிரித்தார். விரலால் ஒரு வரியைத் தேடினார். நெற்றி சுருங்கியது.

"இடது கண்ணுன்னு போட்டிருக்கே."

"டாக்டர் மாத்தி எழுதியிருப்பார்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலது தோள் பக்கம்தான் சாய்க்கறான்" என்றார் பயிற்சியாளர். "தினம் பார்க்கறேனே."

"இல்லவே இல்ல! இதோ பாருங்க, நான் இங்க நிக்கறேன், அவன் எதிர்ல நிக்கறான், தலை இந்தப் பக்கம்..." அவர் தன் இடது கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

கடையில் அவர் முகங்களைப் பார்ப்பது நிலைக்கண்ணாடிக்குள். அங்கே இடது பக்கம் சாய்ந்து தெரிந்தால் அந்த ஆளுக்கும் இடது பக்கம்தான். ஆனால் மைதானத்தில் கீப்பர் நேருக்கு நேர் நின்றான். எதிரே நிற்கிறவனுக்கு இடமும் வலமும் மாறும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். முப்பது வருடம் கண்ணாடிக்குள் பார்த்துப் பழகிய கண் மறந்துவிட்டது.

அவருக்கு இன்னும் வாதாட வாய் வந்தது. சாயும் பக்கம் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கலாம், டாக்டர்களும் மனிதர்கள்தான், இப்படி நாலு பதில் நாக்கு நுனியில் நின்றது. சுவரோரம் பார்த்தார். மகள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள், கேட்டால் கொடுத்துவிடத் தயாராக.

"தப்பு" என்றார். "நான் எழுதினது தப்பு சார். இடம் வலம் மாறிப்போச்சு." எப்படி மாறியது என்பதையும் சொன்னார்.

பயிற்சியாளர்தான் முதலில் நிமிர்ந்தார். "ரிப்போர்ட்டைக் கையில வாங்கினது இந்தப் பொண்ணு. இவ சொல்லி எழுதியிருந்தா இடதுன்னு சரியா எழுதியிருப்பாரே?"

"கேட்டதை மாத்திக்கூட எழுதலாமே" என்றார் செயலாளர்.

"கேட்டு எழுதினவர் இப்ப ரிப்போர்ட்டே தப்புன்னு சண்டை போடுவாரா? இது அவரே பார்த்து அவரே கெடுத்ததுதான். நம்ம டீம் ஆடற மாதிரியே இருக்கு."

செயலாளர் ஃபைலை மூடினார். மகளிடம், "நீ போய் வேலையைப் பாரும்மா" என்றார். அவரிடம், "இனிமே எங்க ஆளுங்க உடம்பைப் பத்தி ஒரு எழுத்து அந்தப் பலகையில வரக் கூடாது" என்றார்.

வெளியே நடையில் பெஞ்சில் கீப்பர் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பார்த்தால் சின்ன வயசு. தலை வலது தோள் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. சந்தேகமே இல்லை, வலது.

"மன்னிச்சுக்கப்பா. நான் எழுதியிருக்கக் கூடாது."

அவன் எழுந்து நின்றான். "கொடிமரம்னு எழுதினப்பக்கூட எங்கம்மா சிரிச்சாங்க சார். இதை எதிர்வீட்டுக்காரங்க போன்ல காட்டினாங்க. அன்னிலேருந்து அழறாங்க."

பயிற்சியாளர் கூப்பிட, உள்ளே போனான்.

மகளுக்கு வேலை முடியும்வரை அவர் வாசலிலேயே காத்திருந்தார். மாலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"கோபமாம்மா?"

"நீங்க சரியா எழுதியிருந்தா இந்நேரம் எனக்கு வேலை இல்லப்பா."

"அப்ப தப்பா எழுதினது நல்லதுங்கறியா?"

"எழுதாம இருந்திருந்தா நல்லது."

அவர் தலையாட்டினார். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"இனிமே வீட்ல என்கிட்ட பேசவே மாட்டியா?"

"நீங்க என்னிக்குப்பா பேசினீங்க? வாயைத் திறந்தா மேட்ச். அவனுக்கு இடுப்பா, இவனுக்கு முட்டியா. அது இல்லாம எதையாவது கேளுங்க, சொல்றேன்."

அவர் யோசித்தார். எதைக் கேட்பது? அடுத்த ஞாயிறு யார் கீப்பர் என்று கேட்க வாய் அரித்தது. அடக்கிக்கொண்டார். இன்னொரு நிறுத்தம் போனது. மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து, ஒரு கையால் தன் கெண்டைக்காலை அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படிச் செய்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாள் பூரா நின்னுக்கிட்டேவா வேலை?" என்றார். "கால் ரொம்ப வலிக்குமாம்மா?"

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.