பெட்டிக்குள் மன்னர்

போன மாதம் அப்பா இறந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் அவர் பழுது பார்த்த வாஷிங் மெஷின்களைப் பற்றியே பேசினார்கள். எனக்கு ஞாபகம் வந்ததோ அவருடைய கால்கள். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்கு வெளியே சாக்ஸோடு நீட்டிக்கொண்டிருந்த கால்கள். சிரிப்பை அடக்கமாட்டாமல் சமையலறைக்கு ஓடினேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளி நாடகத்தில் நான்தான் ராஜா. உயரமான பையன்களை எல்லாம் விட்டுவிட்டு என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள், குரல் பெரிது என்று. நாடகத்துக்கு முந்தைய நாள் கடைசி ஒத்திகை. கிரீடமும் மீசையுமாக மேடையேறி, "யாரங்கே!" என்று முழங்க வேண்டும். ஓரத்தில் நின்ற டீச்சரைப் பார்த்ததும், பழக்க தோஷம், வாயில் வேறு வந்துவிட்டது.

"உள்ளே வரலாமா மிஸ்?"

சேவகர்கள் தரையில் உருண்டார்கள். மந்திரிக்கு விக்கலே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் படுத்துக் கிடந்த ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் புகுந்தேன். இனி இதுதான் என் வீடு, நாளைக்குப் பள்ளியும் இல்லை நாடகமும் இல்லை என்று அறிவித்தேன். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். "உங்கப்பாவே வந்து பேசட்டும்" என்று போய்விட்டாள்.

அப்பா வந்தார். எந்த மெஷினையும் திறக்கும் முன் அதன்மேல் காதை வைத்துக் கேட்பது அவர் வழக்கம். பெட்டியின்மேலும் அப்படியே காதை வைத்தார்.

"உள்ள தண்ணி ஒழுகுற சத்தம் வருதே."

"போங்கப்பா!"

"எடம் இருக்கா?"

"இல்ல."

"சரி, தள்ளிக்கோ."

அவரால் இடுப்பு வரைதான் நுழைய முடிந்தது. அவர்மேல் சோப்புத்தூளும் கிரீஸும் மணத்தன. அழாதே என்று அவர் சொல்லவில்லை. "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். விக்கல் வரை முழுக்கக் கேட்டார்.

"ரொம்ப அவமானமாப் போச்சா?"

"ஆமா."

"நானா இருந்தா மீசைய முழுங்கிட்டு ஓடியிருப்பேன்."

அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடி லாண்டரிக்காரர் வந்து நின்றார்.

"ஏம்மா, மெக்கானிக் எங்க?"

அம்மா கால்களைக் காட்டினாள்.

"தம்பி, பெட்டியக்கூடவா ரிப்பேர் பண்றீங்க? அங்க மெஷின் பாதியில நின்னு, ஓட்டல் போர்வை பூரா ஊறிக்கிட்டுக் கெடக்கு!"

"ஊறட்டும்ணே, அழுக்கு நல்லாப் போகும். உள்ள ராஜா கோவமா இருக்காரு. இது முடிஞ்சாத்தான் அது. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. ராஜா மாதிரி 'யாரங்கே'ன்னு ஒரு தடவ சொல்லுங்க."

லாண்டரிக்காரர் ஆயுள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் குழைந்தே பேசியவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"யாருங்க அங்க... கொஞ்சம் வர முடியுங்களா?"

அப்பா சிரித்ததில் பெட்டி குலுங்கியது.

"அண்ணே, ராஜா கெஞ்சக் கூடாது!"

"சரிங்க, சரிங்க. யாரங்கே... அவசரமில்ல, சாயந்தரமா வந்தாக்கூடப் போதும்."

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுஷன் கையில் ஒரு ராஜ்ஜியமா? அப்பா முதுகின்மேல் தவழ்ந்து வெளியே வந்து, அவர் இடுப்பின்மேல் உட்கார்ந்தபடியே முழங்கினேன்.

"யாரங்கே!"

லாண்டரிக்காரர் சுவரில் முட்டிக்கொண்டார். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"இதோ மன்னா!" பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆனா வெளிய வர முடியல. மாட்டிக்கிட்டேன்."

லாண்டரிக்காரர் ஒரு காலையும் அம்மா ஒரு காலையும் பிடித்து இழுக்க, நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அப்பா வெளியே வந்தபோது முகமெல்லாம் அட்டைத் தூசி, கண்ணெல்லாம் சிரித்த நீர்.

"நாளைக்கும் மறந்துட்டா?" என்றேன்.

"மொத வரிசையில இருப்பேன். என்னப் பாத்து எத வேணாலும் சொல்லு."

மறுநாளும் பயம் போகவில்லை. கிரீடம் தலையில் ஆடியது. முதல் வரிசையில் அப்பா இருந்தார். பக்கத்தில், பட்டப்பகலில் கடையை மூடிவிட்டு, லாண்டரிக்காரர்.

அப்பாவைப் பார்த்தேன். "யாரங்கே!" என்றேன்.

மந்திரி வாயைத் திறப்பதற்குள் முதல் வரிசையில் இரண்டு பேர் துள்ளி எழுந்தார்கள்.

"வந்தோம் மன்னா!"

டீச்சர் தலையில் கைவைத்தார். அரங்கமே சிரித்தது. நான் வாளை உயர்த்தி, "அமருங்கள்!" என்று ஆணையிட்டேன்.

அமர்ந்தார்கள்.