சாந்தம்மாளின் தனிச்சபை

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. காந்தலூரிலிருந்து மூணாறு போகிற பஸ்ஸில் மடியில் பூண்டு மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானப்பூ என்கிற அம்மாள் சொன்னது. "எங்க மதினி சபைய ஒடச்ச கதையச் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தவர், மறையூர் வருவதற்குள் தன்னையே கதாநாயகியாக்கிவிட்டார். நான் அந்தப் பதவியை மதினிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞானப்பூ கதையெல்லாம் படிக்க மாட்டார் என்கிற தைரியம்தான்.

முதலில் எழுதிய ஆரம்பம் இது: 'பள்ளிவாசல் எஸ்டேட் மலைகளின் மேல் மூடுபனி ஒரு வெள்ளைச் சேலையைப் போல...'

(போதும். தேயிலைக் கதை எழுதுகிற எல்லோரும் துவைத்துக் காயப்போட்ட சேலை அது.)

இரண்டாவது ஆரம்பம்: 'பெருமை என்பது ஆவிக்குரிய வாழ்வில்...'

(இது பிரசங்கம். கதைக்குள் ஓர் உபதேசியார் இருக்கிறார், அவர் பிழைப்பை நான் ஏன் கெடுக்க வேண்டும்?)

ஆகவே நேராக நாயிடம் போகிறேன்.

2

அவசரநிலை வந்த வருஷம். சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதில் தகரக்கூரை போட்ட சின்ன வேதக்கோயில். அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து அசனம் என்கிற சபை விருந்துக்கு எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சோற்றிலும் ஆட்டுக்கறிக் குழம்பிலும் ஆவி பறந்தது. ஜெபிக்க எழுந்தவள் சாந்தம்மாள்.

கொழுந்து எடுப்பதில் அவள் சுமார்தான். ஜெபத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. கண்ணை மூடினாளென்றால் தோட்டம், மூணாறு, டெல்லி, இஸ்ரவேல் என்று ஓர் ஊர் விடாமல் போய்த்தான் திரும்புவாள். நாடே வாயைப் பொத்திக்கொண்டிருந்த காலத்தில் அவள் மட்டும் டெல்லிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள், கடவுள் வழியாக.

அன்று அவள் இஸ்ரவேலைத் தொட்டபோது துரை பங்களா நாய் குழம்பு அண்டாவைத் தொட்டது. எல்லோருக்கும் கண் மூடியிருந்தது. சபையை நடத்துகிற உபதேசியாருக்கு மட்டும் ஒரு கண் திறந்திருந்தது.* நாய் ஒரு முழுத் தொடைக்கறியைக் கவ்வியதும் அவர் "ஆமென்!" என்று அலறினார். சபை முழுதும் "ஆமென்!" என்று அலறிக்கொண்டு நாயின் பின்னால் ஓடியது.

(* ஏன் திறந்திருந்தது என்று நான் கேட்கவில்லை. பசியாக இருக்கலாம்.)

சாந்தம்மாள் கண்ணைத் திறந்தபோது முற்றம் காலி, உபதேசியார் மட்டும் நின்றார்.

"எஞ்ஜெபம் முடியுமுன்ன நீங்க ஆமென் போடுதீயளோ?"

"யம்மா, நாயி..."

"யாரச் சொல்லுதீய நாயின்னு?"

3

அடுத்த ஞாயிறு சாந்தம்மாள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தன் முன்னறையில் தனிச்சபை தொடங்கினாள். நாத்தனார் ஞானப்பூவும் இன்னும் நாலைந்து குடும்பமும் வந்தார்கள். உபதேசியார் மழையில் நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றார்.

"தப்பு எம்மேலதாம்மா. கோயிலுக்கு வந்துரு."

"மன்னிச்சிட்டேன். ஆனா நீங்க இங்கன வந்து சபைக்கு முன்னால முட்டி போடணும்."

உபதேசியார் முட்டி போட்டுவிட்டார். அதோடு அவள் சமாதானமாகியிருந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் தனக்கு முன்னால் ஒரு தலை தாழ்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளே எதுவோ நிமிர்ந்துகொண்டது.

"இது போதாது," என்றாள்.

உபதேசியார் எழுந்து வேட்டியைத் தட்டினார். "பரலோகத்துல நல்லாப் பாடிக்கிட்டிருந்தவந்தாம்மா சாத்தானாப் போனான். நல்லாப் பண்ணுறவுகளுக்குத்தான் சறுக்கும். பாத்துக்கோ."

பிறகு நடந்தது எளிது. ஞானப்பூ ஒருநாள் தானும் ஜெபிக்கிறேன் என்று எழுந்தாள். அவள் மூணாறு தாண்டுவதற்குள் சாந்தம்மாள் "ஆமென்" போட்டாள். ஞானப்பூ பாதிச் சபையைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் பங்குக்கு ஒரு தனிச்சபை தொடங்கினாள். ("நியாயத்துக்காக" என்றார் பஸ்ஸில்.) மீதிப் பாதி குளிருக்கும் ஜெபத்துக்கும் பயந்து கலைந்தது. கடைசியில் சாந்தம்மாளுக்குப் புருஷன் பொன்ராஜ் மட்டும் மிஞ்சினான்.

4

பொன்ராஜைப் பற்றி எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஃபேக்டரியில் இலை உருட்டுகிற மிஷினோடு நாளெல்லாம் கிடந்து, வீட்டில் வாயே திறக்காத மனிதன். இப்படிப்பட்டவனைக் கதையில் வைத்து என்ன செய்ய? 'பொன்ராஜ் மௌனமாக...' என்று பலமுறை எழுதி அடித்தேன்.

ஒரு ஞாயிறு அவனே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"எங்க போறிய?"

"நானும் பிரியுதேன்."

லயத்துக் கடைசியில் இருந்த விறகுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தான். பாட்டில்லை, பேச்சில்லை. அடுப்பில் பாலில்லாத கட்டஞ்சாயா மட்டும். முதலில் ஒருவர் வந்தார், பிறகு இருவர். ஒரு மாதத்தில் ஞானப்பூ சபையே அங்கே உட்கார்ந்து சாயா ஊதிக் குடித்துக்கொண்டிருந்தது.

சாந்தம்மாள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. நேரே போய்க் கொட்டகை வாசலில் நின்று, "என்னங்க..." என்றாள்.

பொன்ராஜ் விரலை உயர்த்தினான். "நம்ம சபையில பேசப்படாது."

"நம்ம சபையா?"

பொன்ராஜ் சொன்னதில் குரல் அவனுடையது, தோரணை அவளுடையது. அது அவனுக்கே கேட்டுவிட்டது. சாயா டம்ளரைக் கீழே வைத்தான். "ஐயையோ! வாயத் தொறக்காமலே எனக்கும் அந்தப் பெரும வந்துட்டே ட்டி!"

ஞானப்பூ சிரித்துவிட்டாள். சாந்தம்மாள் சிரிக்கவில்லை. விறகின் மேல் உட்கார்ந்தாள்.

"ஒத்தையில ஜெபம் பண்ணிப் பாத்தேன். ஆரம்பிச்சது கடவுள்கிட்ட. கொஞ்ச நேரத்துல நான் பேசுறத நானே ரசிச்சுக் கேட்டுக்கிட்டிருக்கேன். அவரு எப்ப எந்திரிச்சுப் போனாருன்னே தெரியல. பயமா இருக்கு."

பொன்ராஜ் தன் சாயாவை அவள் பக்கம் நகர்த்தினான்.

5

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

அ) சாந்தம்மாள் கோயிலில் விழுந்து கதறுகிறாள். (அவள் கதறினால் இஸ்ரவேல் வரைக்கும் கதறுவாள். வேண்டாம்.)

ஆ) தனிச்சபை பெருகி... (ஞானப்பூவுக்குப் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.)

இ) நடந்தது. அடுத்த ஞாயிறு சாந்தம்மாளும் பொன்ராஜும் கோயிலுக்கு வந்தார்கள். ஆடு நுழையாமலிருக்க வைத்த குறுகலான வாசல். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும்.

"நீங்க முன்ன போங்க," என்றாள் சாந்தம்மாள். "நான் பெரிய பாவி. பின்னால வாரேன்."

"ஒன்னவிட நான்தான் பெரிய பாவி. நீ போ ட்டி."

"தாழ்மையிலயும் என்னைய முந்தப் பாக்கியளா?"

உள்ளே பிரசங்கமே முடியப் போகிறது. மழை வலுக்கிறது. இருவரும் வாசலிலேயே நிற்கிறார்கள்.

எழுதுகிறவன் நான், ஒரு வரியில் உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் இரண்டு பேரை மனந்திருப்பியவன் என்கிற நினைப்பு எனக்கு வந்துவிடும். (லேசாக வந்தேவிட்டது.) நீங்களே செய்யுங்கள். யாராவது ஒருவர் முதுகில் மெதுவாகக் கை வையுங்கள். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: யாரை முதலில் உள்ளே அனுப்பினாலும், மற்றவர் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார், "அன்னைக்கு நாந்தான் விட்டுக்குடுத்தேன்" என்று.