வாசலில் நாலாவது சோடி

இந்தக் கரையில் ஆண்பிள்ளைக்கென்று ஒரு வீடு கிடையாது. பிறந்தால் உம்மாவின் வீடு, கலியாணம் முடித்தால் பெண்சாதியின் வீடு. இடையில் தங்கச்சிக்குச் சீதனமாக ஒரு வீடு கட்டிக் கொடுப்பான், அதிலும் அவன் குடியிருக்க மாட்டான். எல்லாம் நல்லபடி போகும்வரை இதில் ஒரு குறையும் தெரியாது. கலியாணம் குழம்பினால்தான் தெரியும். அன்றைக்கு மாப்பிள்ளை உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு தெருப் படலையில் நிற்பான், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்.

நிப்றாஸ் நிந்தவூரில் அப்படித்தான் நின்றான். பெரிய சண்டையா என்றால், அதுவுமில்லை. கத்தாரிலிருந்து திரும்பி வந்து வேலை கிடைக்காமல் இருந்த காலம். மாமி ஒரு சொல் சொன்னார், இவன் ஒரு சொல் சொன்னான், பெண்சாதி ஷாஹினா யார் பக்கமும் கதைக்காமல் அடுப்படிக்குள் போனாள். இவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். பையைத் தூக்கினான். நாளைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள் என்று இவன் இருந்தான், நாளைக்குத் தானே வருவார் என்று அவர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கமும் வீம்பு பிடித்தால் என்ன நடக்கும்? காதி நீதிமன்றம் நடந்தது. ஒரு தலாக்கோடு எல்லாம் முடிந்தது.

இப்போது அவன் சாய்ந்தமருதில் தங்கச்சி சுபைறாவின் வீட்டில் இருக்கிறான். வீட்டில் என்றால் வீட்டுக்குள் இல்லை. பின்பக்கத்துச் சாமான் அறையில், மச்சானின் நெல்மூட்டைகளோடு ஒரு கட்டில். அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவன் கத்தாரில் வெயில் குடித்து அனுப்பிய காசு. ஆனாலும் கிணற்றடிக்குப் போகும்போது செருமிவிட்டுத்தான் போவான். மச்சான் குறைசொல்கிற மனிதர் இல்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. பொழுதுபட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு சுபைறா சோற்றுக் கோப்பையை மூடிக் கொண்டுவந்து வைப்பாள். சுவருக்கு அந்தப்பக்கம் டீவி பாடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லாமல் தனியே இருந்து சாப்பிடுவான்.

பகலில் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, நிந்தவூரில் தாயோடு இருக்கிற மகள் றுஸ்தா வருவாள். தெரிந்த ஓட்டோக்காரர் கொண்டுவந்து இறக்கி, பின்னேரம் அஸருக்குப் பிறகு ஏற்றிக்கொண்டு போவார். ஏழு வயது. வாய் ஓயாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இவன் மற்ற ஆறு நாளும் மூச்சு விட்டான் என்று சொன்னால் அதில் ஒன்றும் மிகையில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள்.

"வாப்பா, எனக்கு ஒரு சின்ன வீடு வேணும். கட்டில், அலுமாரி எல்லாம் வெச்ச வீடு."

"கடையில ரோசாக் கலர்ல இரிக்கே மனே, அதுவா?"

"அது ஆர்ர வீடோ. எனக்கு எங்கட வீடு மாதிரி வேணும். எங்கட வீட்டுல இரிக்கிறதெல்லாம் இரிக்கணும்."

எங்கட வீடு. பிள்ளை வாப்பாவையும் சேர்த்துத்தான் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று அந்த இரவு முழுக்க இவன் குடைந்துகொண்டு கிடந்தான்.

புடவைக்கடையில் குப்பைக்குப் பஞ்சமா? சேட்டுப் பெட்டிகளை வெட்டிச் சுவர் வைத்தான். இரண்டு நெருப்புப்பெட்டியை நிறுத்தி ஒட்டினால் அலுமாரி, உள்பெட்டியை இழுத்தால் லாச்சி, கைபிடிக்குப் பயறு. ஐஸ்கிறீம் குச்சியில் கட்டில், வெங்காயப் பையின் வலையில் நுளம்புவலை. மாத்திரை அட்டையின் வெள்ளிப் பின்பக்கம் முகம்பார்க்கும் கண்ணாடி. பற்பசை மூடிகள் வாளியாயின, சோடா மூடி பொரிக்கிற தாச்சியாயிற்று. சேட்டுக் கொலருக்குள் வைக்கிற பிளாஸ்டிக்கை வெட்டிக் காற்றாடிக்கு இதழ் வைத்தான். வெல்வட் நாடாவில் விரல் நீளத்துக்குத் தொழுகிற முசல்லா ஒன்று, ஓரத்தில் நூல் குஞ்சமும் விட்டான். ஜன்னல் கம்பிக்கு ஈர்க்கு. அவனைக் காக்கா என்று அண்ணன் முறை கூப்பிடுகிற கடைப் பையன்கள் விடுவார்களா? "காக்கா புதுமாப்பிள்ளை, வீடு கட்டுறார்" என்று பகிடி பண்ணினார்கள். இவன் சிரித்துவிட்டு இன்னொரு பெட்டியைக் கேட்டு வாங்கினான்.

அளவெடுக்க அவனுக்கு நாடா தேவைப்படவில்லை. நிந்தவூர் வீட்டில் குசினிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், மண்டபத்துச் சுவரில் வெடிப்பு எங்கே தொடங்கும், எல்லாம் கண்ணுக்குள் கிடந்தது. கண்ணை மூடினால் அந்த வீட்டுக்குள் நடந்து திரியலாம். நெல்மூட்டைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு அப்படி எத்தனையோ தரம் நடந்தான். ஒருதரம் அடுப்படிவரை போய், அங்கே ஷாஹினா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் கண்ணைத் திறந்துவிட்டான்.

றுஸ்தா வந்து பார்த்தாள். கட்டிலை எண்ணினாள், லாச்சியை இழுத்துப் பார்த்தாள், திருப்தி.

"ஆக்கள் எங்க வாப்பா?"

அதுதான் சிக்கல். மாமி பொம்மையை வீட்டுக்குள் எடுக்க மாட்டார். உருவம் இருக்கிற வீட்டுக்கு அல்லாஹ்வின் மலக்குமார் வரமாட்டார்கள் என்பார், பிள்ளையின் பொம்மை ஒன்று ஏற்கெனவே அப்படித்தான் காணாமற் போயிருந்தது. ஆள் செய்து வைத்தால் முழு வீடும் படலையோடு திரும்பி வரும். நிப்றாஸ் யோசித்தான். இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அறிய எட்டிப் பார்க்கவா வேண்டும்? வாசலைப் பார்த்தால் போதாதா?

"ஆக்கள் உள்ளுக்கு இரிக்கிறாங்க மனே. அடுத்த கிழம வாசலப் பாருங்க, தெரியும்."

அந்தக் கிழமை செருப்புத் தைத்தான். தையல் என்று பெயர், எல்லாம் கத்தரிக்கோலும் பசையும்தான். சைக்கிள் டியூபில் மாமியின் கறுப்புச் செருப்பு. சிவப்புப் பலூனில் வார் வைத்து றுஸ்தாவுடையது. ஷாஹினாவுக்குப் பழைய நாடா ஒன்றில், அவள் பெருநாளுக்குப் போடுகிற பச்சை. புளியங்கொட்டை இரண்டை அருகருகே வைத்த அளவில் ஒவ்வொரு சோடி. வாசற்படியில் ஒட்டியதும் வீட்டுக்குள் ஆள் வந்ததுபோல் இருந்தது. அவனே ஒருகணம் பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தான், அவ்வளவு பைத்தியம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சுபைறா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நிறுத்தியும் இருப்பான். அவள் ஆஸ்பத்திரி வரிசையில் யாரோ சொல்லக் கேட்டதைக் கொண்டுவந்து சோற்றோடு சேர்த்து வைத்தாள்.

"காக்கா, அவ உங்களக் குறையாக் கதைக்கிறல்லயாம். 'அவர் கூடாத மனுசன் இல்ல' எண்டு சொன்னாவாம்."

"ஆர், ஷாஹினாவா?"

"ஓம். ஒரு தலாக்குத்தானே. திரும்பவும் நிகாஹ் செஞ்சா முடிஞ்சிது. ஆராச்சும் முன்னுக்குப் போய்க் கதைச்சாத்தானே?"

போய்க் கதைக்க யார் இருக்கிறார்கள்? வாப்பா மவுத்தாகி வருசங்கள். மச்சானைக் கேட்க இவனுக்கு வெட்கம். தானே போய் அந்தப் படலையில் நிற்கவும் கால் வராது. அன்று சோறு ஆறிப்போகும்வரை வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து போய், தன் பழைய நீலச் செருப்பின் அடியில் ஒரு துண்டு அறுத்தெடுத்தான்.

அந்த நீலச் செருப்பை ஷாஹினா மறந்திருக்க முடியாது. ஒரு பக்க வார் அறுந்து, அதற்கு இவன் சட்டை ஊசி குத்தி இழுத்துக்கொண்டு திரிவான். "மனுசர் பார்த்தா என்ன சொல்லுவாங்க, தூக்கி எறிங்க" என்று அவள் ஏசாத நாளில்லை. இவன் எறிந்ததுமில்லை, அவளை எறியவிட்டதுமில்லை. சின்னச் சோடியைச் செய்து, ஒரு வாருக்கு அடியில் மயிர் மாதிரி ஒரு செம்புக் கம்பியைக் குத்தி மடக்கினான். பச்சைச் செருப்புக்குப் பக்கத்தில், ஒட்டாமல், சும்மா வைத்தான். வேண்டாமென்றால் எடுத்து வைக்கலாம், வேண்டுமென்றால் அப்படியே விடலாம். வாயால் கேட்கத் தெரியாதவன் கேட்ட கேள்வி அது. இந்த ஒரு சோடிக்கு என்ன பதில் வருகிறதோ அதிலேதான் தன் மிச்சக் காலம் கிடக்கிறது என்று நினைத்தான்.

ஓட்டோவின் பின்சீற்றில் வீட்டை வைத்து, றுஸ்தாவைப் பக்கத்தில் இருத்தினான். "அமத்திப் பிடிங்க, நீலச் செருப்பு விழாம" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளை வரவில்லை. ஓட்டோக்காரர் போனில் கோல் எடுத்து, "இண்டைக்கு வீட்டுல ஏதோ வேலையாம்" என்றார். இவன் கவலைப்பட்டானா? அதுதான் இல்லை. பார்த்திருக்கிறார்கள், உட்கார்ந்து கதைக்கிறார்கள், பெரியவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தலைகால் தெரியாமல் மனக்கோட்டை கட்டினான். அன்றிரவு சுபைறா கொண்டுவந்த சோற்றில் விளைமீனின் நடுத்துண்டு பொரித்துக் கிடந்தது. அந்தத் துண்டு எப்போதும் மச்சானுக்கு உரியது. அவள் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் போனாள். இவன் அதையும் நல்ல சகுனமாகவே எடுத்து, முள்ளை உறிஞ்சிச் சாப்பிட்டான்.

அதற்கடுத்த வெள்ளி றுஸ்தா வந்தாள். கையில் புது வளையல்.

"உம்மா வீட்டப் பார்த்தாவா மனே?"

"ஓம், பார்த்தா. முசல்லா வடிவாம். உம்மும்மாவும் நல்லம் எண்டா."

"வாசலப் பார்த்தாவா?"

"பார்த்தா. அந்த ஊசியக் கண்டு சிரிச்சா."

நிப்றாஸின் நெஞ்சு அடித்த அடியில் அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. சிரித்தாளாம். "பொறகு?" என்றான்.

"பொறகு ஒண்டும் கதைக்கல்ல. அடுப்படிக்குள்ள போய்ட்டா." பிள்ளை நெல்மூட்டையில் ஏறி இருந்தாள். "வாப்பா, எனக்கு இன்னொரு சோடி செஞ்சு தாங்க. மண்ணிறம். பட்டி வெச்சது, பக்கத்துல இழுத்துப் பூட்டுற மாதிரி."

"ஆருக்கு?"

"ஜவுபர் சாச்சாக்கு. போன வெள்ளி லெப்பை வந்து ஓதினாங்க, வட்டிலப்பம் திண்டம். இப்ப எங்கட வீட்டுலதான் இரிக்கார். அவர்ர செருப்பும் வாசல்லதான் கிடக்கு."

காதும் காதும் வைத்தாற்போல் நிகாஹை முடித்திருக்கிறார்கள். சுபைறாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது, மீன்துண்டு ஏன் வந்தது என்று அப்போது விளங்கியது. நிப்றாஸ் கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் தேடினான். அது அவன் மடியிலேயே கிடந்தது.

"உம்மாவா செய்யச் சொன்னா?"

"இல்ல, நாந்தான். எங்கட வீடு மாதிரி இரிக்கணுமே வாப்பா."

குறை சொல்ல ஏலுமா? அப்படித்தானே பேச்சு.

"அப்ப என்ட செருப்பு மனே? எறிஞ்சிட்டாங்களா?"

"உம்மும்மா எடுக்கப் பார்த்தா. நான் குடுக்கல்ல." றுஸ்தா மூட்டையிலிருந்து இறங்கி, அறையில் வேறு யாரும் இல்லாதபோதும் அவன் காதருகே வந்தாள். "என்ட சின்னக் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சி வெச்சிரிக்கன். நீங்க என்ட அறைக்குள்ளதான் இரிக்கிறீங்க. ஆருக்கும் தெரியா."

நிப்றாஸ் அவள் தலையைத் தடவினான். வேறென்ன செய்ய? அழுகை வந்தது, பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாதென்று பசைப் போத்தலைத் திறக்கிற சாட்டில் திரும்பிக்கொண்டான்.

மண்ணிறத்துக்கு அந்த அறையில் ஒன்றுமில்லை. அட்டை உண்டு, ஆனால் அட்டையில் செருப்புச் செய்தால் இரண்டு நாளில் பிய்ந்துவிடும், அப்படியொரு வேலையைச் செய்து கொடுக்க அவனுக்கு மனமில்லை. கடைசியில் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றினான். கலியாணத்தன்று பெண்வீட்டார் கட்டிவிட்ட மணிக்கூடு, தோல்வார். வாரின் நுனியை வெட்டினான். வெட்டின துண்டிலேயே அடியும் வந்தது, பட்டியும் வந்தது. பூட்டுக்கு ஒரு துண்டுக் கம்பியை வளைத்தான்.

"பெரிசாச் செய்யுங்க வாப்பா. உங்கட காலவிடப் பெரிய கால்."

பெரிதாகவே செய்தான். இதுவரை செய்ததிலே இதுதான் வடிவாக வந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். நெருப்புப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, சோடியை வைத்துக் கொடுத்தான். ஓட்டோ வந்து ஹோன் அடித்தது. ஏறப்போன பிள்ளையை ஒருதரம் நிற்பாட்டினான்.

"வாசல்ல வைக்கக்குள்ள ஒட்டி வையுங்க மனே. பசை தொட்டு. காத்துக்குப் பறந்திரும்."

"உங்கடதயும் ஒட்டவா?"

"வேணாம். அது சும்மா கிடக்கட்டும்."

ஓட்டோ போனபிறகு துண்டு துணுக்குகளைக் கூட்டி அள்ளினான். இனிக் கையில் கட்ட ஏலாத மணிக்கூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டான். பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள், போய்த் தொழுதுவிட்டு வந்தான். சாமான் அறை வாசலில் செருப்பைக் கழற்றியவன், அங்கேயே நின்று அதைப் பார்த்தான். அடியில் ஒரு துண்டு அறுத்தெடுத்த நீலச் செருப்பு. குனிந்து இரண்டையும் எடுத்து உள்ளே கொண்டுபோய், தன் கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்தான். விளக்குப் போடாமல் படுத்தான்.

கொஞ்ச நேரத்தில் சுபைறாவின் காலடி கேட்டது. கோப்பையும் மூடியும் உரசிய சத்தம் வாசல்வரை வந்து நின்றது.

"செருப்பக் காணல்ல. காக்கா எங்கயோ போயிருக்கார் போல" என்று தனக்குள் சொன்னாள்.

இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அவள் சோற்றோடு திரும்பி நடந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள்.