போர்வை போர்த்திய மோட்டார்

ரோச் கயிற்றை இழுத்த இழுப்பில் வள்ளத்தின் மோட்டார் கிளம்பவில்லை. அவன் முழங்கை பட்டு, பின்னால் நின்ற பவுலின் தூக்குவாளிதான் கிளம்பியது. பழஞ்சோறும் சுட்ட கருவாடும் கடலோடு போயின.

"நம்மதான் போவல, சோறாவது கடலுக்குப் போச்சே மாப்ள," என்றான் பவுல். மனைவி மெட்டில்டாவின் அண்ணன் என்பதால் ரோச் பல்லைக் கடித்துக்கொண்டான்.

பாய் விரித்த வள்ளங்கள் ஒவ்வொன்றாய்த் தாண்டிப் போயின. "ஏலே ரோச்சு, மோட்டாருக்கு ஒரு பாய் கட்டிவிடட்டா?" என்று ஒருவன் கத்தினான்.

பாய்க்கு எங்கே போவது? மோட்டார் வந்த அன்றே பாயையும் மரத்தையும் ஆலந்தலைக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டிருந்தான் ரோச். காற்றை நம்பிப் பிழைக்கிற காலம் மலையேறிவிட்டதாம். கரையில் நின்று ஒரு பிரசங்கமும் வைத்தான். பெட்ரோலில் கிளப்ப வேண்டும், சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும், தன்னைத் தவிர எவனும் இதில் கைவைக்கவோ வாய்வைக்கவோ கூடாது.

ஒருதரம் கிளம்பிவிட்டால், நடுக்கடலில் எத்தனை முறை நிறுத்தினாலும் ஒரே இழுப்பில் உயிர் வந்துவிடும். விடியற்காலையில் மட்டும்தான் இந்த அழிச்சாட்டியம். பட்டறை வீரபாகு அண்ணாச்சியிடம் கேட்டால், "பிளக்கா இருக்கலாம். பிளக்கா இல்லாமலும் இருக்கலாம்," என்றார். பிளக்கை அடுப்பில் சுட்டு மாட்டிப் பார்த்தான். சூடானது அவன் விரல்தான்.

அதைவிடப் பெரிய சூடு பவுல் வைத்தது. பெரிய விசைப்படகு, லாஞ்சு ஒன்றில் ஆள் கேட்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தான்.

"போறீரா மச்சான்?"

"பாப்பம்."

ரோச்சுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவருக்கும் ஒரே வள்ளம். வலை இழுக்க வேறு ஆள் கிடைக்கும். வாய்க்கு வாய் கொடுக்க இப்படி ஓர் ஆள் கிடைப்பானா?

அன்றும் வெயில் ஏறிய பிறகுதான் மோட்டார் மனமிரங்கியது. மாலையில் கரை தெரிந்ததும் ரோச் வழக்கமான வித்தையைக் காட்டினான். மண்ணெண்ணெயில் பாய்ந்து வந்த மோட்டாரை டப்பென்று நிறுத்தி, வந்த வேகத்திலேயே வள்ளத்தை மணலில் ஏற்றினான். மெட்டில்டா பார்த்தாளா என்றும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

பனிதான் எதிரி என்று அன்று அவனுக்கு ஞானோதயம். வீட்டிலிருந்த ஒரே நல்ல போர்வையை எடுத்து வந்து மோட்டாருக்குப் போர்த்தினான்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படிப் போத்திவிட்டியளா?" என்றாள் மெட்டில்டா.

விடிந்தது. போர்வையை எடுத்தான். இழுத்தான். உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம். மோட்டார் சுகமாகத் தூங்கி எழுந்ததுபோல ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்கியது. லாஞ்சு கிடக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான் பவுல்.

ரோச் கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தான். "மச்சான், எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் என்ன தப்புப் பண்ணுதேன்? தெரிஞ்சா சொல்லும்."

பவுல் மடியிலிருந்து திருப்புளியை எடுத்தான். கார்புரேட்டர் அடியில் ஒரு திருகைத் தளர்த்தி, ஒழுகியதை உள்ளங்கையில் பிடித்து ரோச்சின் மூக்கருகே நீட்டினான்.

"என்ன வாசம்?"

"மண்ணெண்ண."

"என் தங்கச்சிக்கு வித்த காட்டணும்னு மண்ணெண்ணெயிலயே நிறுத்துத. அது ராவெல்லாம் இதுக்குள்ளயே கெடக்கு. ஆறுன மோட்டார்ல அது தீப்பத்துமா? பெட்ரோலுக்குத் திருப்பி, கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தணும்."

"இத மொதல்லயே சொல்லப்படாதா?"

"வாய்வைக்கக் கூடாதுன்னது யாருல? நீயா கேப்பேன்னு பாத்தேன், கேக்கல. அந்தக் கோவத்துலதான் லாஞ்சுக்குப் போயிருவோம்னு இருந்தேன்."

பவுல் திருகை முடுக்கி, பெட்ரோலைத் திறந்துவிட்டான். தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வள்ளத்தின் மறுகோடிக்குப் போய் நின்றான். கயிற்றைப் பிடித்த ரோச் இழுக்காமல் அவனையே பார்த்தான்.

"அப்ப லாஞ்சுக்கு?"

"போவல மாப்ள. இழு."