காய்வதற்கு ஒரு நாள்

குழாய்க்காரர் கட்டிய வண்டிகளில் அதுவரை ஒன்றுகூட உருப்பட்டதில்லை. வேலை செய்த வீடுகளில் மிச்சப்படும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை அள்ளிவந்து, விடுமுறை நாளெல்லாம் கூடத்தை அடைத்துக்கொண்டு அறுப்பார், ஒட்டுவார். முதலில் செய்த மூன்று சக்கர மிதிவண்டி, அவர் ஏறி உட்கார்ந்ததும் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. "வண்டி கும்பிடு போடுது, எறங்குங்க" என்றாள் மனைவி. மனுஷர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை செய்தது அவளுக்காக. சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வண்டி. தடித்த குழாயில் சட்டம், மூலைக்கு மூலை எல்போ என்கிற வளைவு இணைப்பு, பழைய குழந்தை வண்டியின் இரண்டு சக்கரம். அவள் ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவள். அத்தனை பெரிய மூட்டை சைக்கிள் கேரியரில் நிற்காது. எட்டு வருஷமாகத் தினமும் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடக்கிறாள். போன மழைக்காலத்திலிருந்து அந்தத் தோள் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. கணவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார், விட்டால் அடுப்பு எரியாது. அவருக்கும் அவள் வலி தெரிந்து கட்டவில்லை. கட்ட ஒரு சாக்குக் கிடைத்ததே, அதுதான்.

அன்று மதியம் கடைசி மூலையை ஒட்டிவிட்டு, வேலைக்குக் கிளம்பும் முன் சட்டத்தில் பென்சிலால் எழுதினார்: 'நாளை காலை பத்துக்கு மேல்.' எந்த வீட்டில் குழாய் ஒட்டினாலும் பசை காயும் நேரத்தை இப்படிச் சுவரில் எழுதிவைப்பார். அதற்கு முன் யாராவது தண்ணீரைத் திறந்துவிட்டால் தெருவே கேட்கக் கத்துவார்.

ஐந்து மணிக்கு மூட்டை தயார். அவள் அந்த எழுத்தைப் படித்தாள். குனிந்து மூட்டையைத் தூக்கப் பார்த்தாள், தோளில் சுரீரென்றது. மூலையைத் தட்டிப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. இவர் எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவர்தானே என்று மூட்டையை வண்டியில் உருட்டி ஏற்றி, சைக்கிளில் மாட்டிவிட்டாள்.

வண்டி சமர்த்தாகப் பின்னால் வந்தது. அவ்வளவு லேசாக இருந்ததில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. விடுதி வாசல் மேட்டில் ஏறும்போது பின்மூலைக் குழாய் எல்போவிலிருந்து வழுக்கிக்கொண்டு கழன்றது. சட்டம் பிளந்தது. இருபது வெள்ளை விரிப்பும் சேற்றில்.

விடுதி மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவள் போன் போட, பக்கத்துத் தெருவில் வேலையிலிருந்த குழாய்க்காரர் ஓடிவந்தார். கழன்ற முனையை விரலால் தொட்டார். பசை இன்னும் பிசுபிசுத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் திட்டு வாங்கத் தயாரானாள்.

"என் தப்புதான் சார்" என்றார் அவர். "காஞ்சிடுச்சு, எடுத்துட்டுப் போன்னு நான்தான் சொன்னேன்."

தன் தொழிலை ஒருவர் குறை சொன்னால் அடிக்கப் போகிற மனுஷர். அவளால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அவரு சொல்லல சார். நாளைக்குன்னு எழுதியே வச்சிருந்தாரு. நான்தான் படிச்சுட்டும் ஏத்தினேன். என்னால தூக்க முடியல. ரொம்ப நாளாவே முடியல."

மேலாளர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னிக்குப் பழச விரிச்சு ஒப்பேத்திக்கறேன். நாளைக்குச் சாயந்திரம் அத்தனையும் வெள்ளையா வரணும். இல்லன்னா இந்த வேலை மெஷின்ல துவைக்கறவங்ககிட்ட போயிடும், என்னைச் சொல்லாதே."

குழாய்க்காரர் விரிப்புகளைப் பொறுக்கிக் கட்டினார். "துவைக்கறது நான். நீ தொட்டிப் பக்கம் வந்தேன்னா பாரு" என்று மூட்டையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். அவள் உடைந்த சட்டத்தைக் கட்டிவைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

வீடு சேர்வதற்குள் அவர் மூன்று தடவை இறக்கிவைத்தார். அவள் ஒருநாளும் வழியில் இறக்கியதில்லை, இறக்கினால் மறுபடி தூக்க முடியாது என்ற பயம். மூன்றாம் தடவை அவர் மூச்சு வாங்க மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டு வருஷமா இதையா தூக்கினே?"

"நனையாதப்போ கொஞ்சம் லேசுதாங்க" என்றாள் அவள்.