ஒரே டிரைவரின் பல்லும் கண்ணும்

கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்த அன்றே எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் விண்ணப்பித்தோம். ஒருத்தி நான். இன்னொருத்தி என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். முப்பது தாண்டிவிட்டது, பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள், ஆனாலும் குட்டிதான்.

இரண்டு பேருக்கும் வேலை போயிருந்தது. நான் வரவேற்பில் உட்கார்ந்திருந்த பல் கிளினிக்கை இழுத்து மூடிவிட்டு டாக்டர் மகனோடு வெளிநாட்டில் செட்டில் ஆகிவிட்டார். குட்டி வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையை யாரோ வாங்கி செல்போன் கடை ஆக்கிவிட்டார்கள். புருஷனைப் பிரிந்து மகளோடு எங்களிடம் வந்தவள் அவள். என் வீட்டுக்காரரின் சம்பளத்தில் நாலு பேர் எத்தனை காலம் ஓட்டுவது? எங்கள் இருவரில் ஒருத்திக்கு இந்த வேலை கிடைத்தால் சமாளித்துவிடலாம். கிடைக்காவிட்டால், பழைய முதலாளி வேறு ஊரில் வைத்திருக்கும் கடைக்குக் குட்டி போக வேண்டியதுதான். அங்கே தங்கும் விடுதியில் குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். பாப்பாவை எங்களிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

"யாருக்குக் கிடைச்சா என்ன அண்ணி, நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்றாள். நானும் பெரிய மனுஷி மாதிரி ஆமாம் என்றேன். உள்ளுக்குள் எனக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று இருந்தது. அவள் வேலைக்குக் கிளம்பிப் போக, நான் அடுப்படியில் நிற்பதா என்று ஒரு வீம்பு. நல்ல எண்ணம் இல்லை, தெரியும்.

வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து மேனேஜர் ஆனார். தோளில் துண்டு, முகத்தில் மட்டும் மேனேஜர் களை.

"எங்க ஆஸ்பத்திரிக்கு ஏன் வர்றீங்க?"

"பக்கத்துல இருக்கு, நடந்தே வந்துடலாம்" என்றேன்.

"உருப்பட்ட மாதிரிதான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். "சரி, வேலையில நீங்க பண்ணின பெரிய தப்பு என்ன? அதை எப்படிச் சரி பண்ணினீங்க? இது கட்டாயம் கேப்பாங்க."

"அளவுக்கு மீறி உழைப்பேன் சார். அதான் என் குறை."

குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, அதை நம்பறதுக்கு அவங்க நம்ம வீட்டுக்கு வராதவங்களா இருக்கணும்."

அவளிடம் கேட்டபோது ஒரு கதை சொன்னாள். கதை என்ன கதை, நடந்தது. ஒரு பஸ் டிரைவரின் கண்ணாடியில் வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டாள். கடை மூடும் நேரத்தில்தான் அது உறைத்தது. அவர் மறுநாள் முதல் டிரிப் எடுப்பவர். விடியும் முன்னே கொட்டுகிற மழையில் டிப்போவுக்கு ஓடி, கிளம்பிய பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். கண்ட மேனிக்குத் திட்டிக்கொண்டே இறங்கிய டிரைவர், விஷயம் தெரிந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாராம். அப்புறம் டிப்போவில் இருக்கிற அத்தனை பேரும் அவள் கடைக்குத்தான் கண்ணாடி போட வந்தார்கள்.

"பிரமாதம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு வயிறு எரிந்தது.

நேர்காணலுக்கு முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த மேலாளர் அம்மா ஒருவர், பக்கத்தில் நரைத்த தாடி வைத்த டாக்டர். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்த அம்மா கேட்டார், நீங்கள் செய்த பெரிய தப்பு என்ன என்று.

என்னிடம் தப்புகளுக்குப் பஞ்சமா? சரி செய்த தப்புக்குத்தான் பஞ்சம். தண்ணீர் குடித்தேன். வாய் தன்னால் திறந்தது. "ஒரு பஸ் டிரைவருக்குப் பல் செட்டை மாத்திக் குடுத்துட்டேன் மேடம்." டிப்போ வந்தது, முதல் டிரிப் வந்தது, பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். மழையைக்கூட நான் விடவில்லை.

டாக்டர் தாடியைத் தடவினார். "வேற ஒருத்தரோட செட்டு வாயில எப்படிம்மா உக்காந்துச்சு?"

"பாக்கெட்டுலதான் வச்சிருந்தார் டாக்டர். சாப்பிடறப்போ மாட்டிக்கலாம்னு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 

வெளியே வந்தபோது குட்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "என்ன அண்ணி கேட்டாங்க?"

ஒரு வார்த்தை போதும். அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன், நீ வேறு ஏதாவது சொல் என்று காதில் போட்டிருக்கலாம். நேரம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. "எப்பவும் கேக்கறதுதான்" என்றேன். அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இருவரும் வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். எங்கள் தெரு முனையில் குட்டி நின்றாள்.

"நான் சொல்லி முடிச்சதும் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க அண்ணி. தாடி டாக்டர் கேட்டார், 'என்னம்மா, ஒரே டிரைவருக்குப் பல்லும் மாறி, கண்ணும் மாறிப்போச்சா?'ன்னு."

அவள் கையைப் பிடித்தேன். "நீ என்ன சொன்ன?"

"அது எங்க அண்ணியோட கதைங்க, நான்தான் என்னோடதா மாத்திச் சொல்லிட்டேன்னு சொன்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"என் கதை உன் கதைன்னு அங்க உக்காந்து அடிச்சுக்கிட்டா ரெண்டு பேரையுமே அனுப்பிருப்பாங்க. உங்களுக்காவது கிடைக்கட்டும். நீங்க வேலைக்குப் போனா நான் பாப்பாவோட இங்கயே இருந்துக்குவேன்ல."

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாளே எனக்குப் போன் வந்தது. திங்கட்கிழமை முதல் வாருங்கள் என்றார்கள். வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, குட்டி சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது, நான் வேலைக்கு உடுத்திப் போக வேண்டிய சேலைகளை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கொசுவ மடிப்பைக் கையால் நீவி நீவிப் போட்டாள். 

திங்கட்கிழமை போனேன். மேசையில் உட்காரவில்லை, நேரே மேலாளர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "வேலை அவளுக்குத்தான் மேடம் சேரணும். அவளை எடுத்துக்கோங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா நீங்க எங்ககிட்ட ஒரு பொய் சொன்னீங்க. உங்களைக் காப்பாத்த அவங்க ஒரு பொய் சொன்னாங்க. இது நோயாளிங்க நம்பி வந்து நிக்கிற மேசை. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. வேலை போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

குட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன அண்ணி, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

சொன்னேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கதையையும் என்னைக் கேக்காமதான் எடுத்தீங்க. நான் விட்டுக்குடுத்ததையும் என்னைக் கேக்காமதான் திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "இப்ப உங்களுக்கு நிம்மதியா இருக்கும். நான் ஊருக்குப் போகணும்."

 அவள் உள்ளே போய்ப் பழைய முதலாளிக்குப் போன் போட்டாள். விடுதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்தாள்.

"பாப்பாவுக்கு ராத்திரியில ஒரு தடவை முழிப்பு வரும். தட்டிக் குடுத்தாப் போதும், லைட் போடாதீங்க" என்றாள். "அம்மா ஏன் போறாங்கன்னு கேப்பா. அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

சாயங்காலம் பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைக் கழற்றாமலே அறை வாசலில் நின்றாள்.

"அத்தை, அம்மா எதுக்குத் துணியெல்லாம் எடுத்து வைக்கிறாங்க?"

நான் கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தை ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன் பாப்பா. அதனால அம்மா வேற ஊருக்கு வேலைக்குப் போக வேண்டியதாயிடுச்சு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா? அப்ப அம்மாகிட்ட சாரி சொல்லிடுங்க அத்தை. அம்மா போக மாட்டாங்க."

குட்டி திரும்பிப் பார்க்காமல் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.