லாண்டரிப் பேனா

என் வீட்டுக்காரருக்கு மருத்துவமனை லாண்டரியில் வேலை. எத்தனை முறை வெளுத்தாலும் போகாத மையில் துணிகளுக்கு அடையாளம் போடுவார். அந்தப் பேனா வீட்டுக்கும் வந்துவிட்டது. குடை, சாப்பாட்டு டப்பா, மகளின் செருப்பு, எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் பெயரும் ஃபோன் நம்பரும். என் நெற்றி ஒன்றுதான் பாக்கி என்று இருபத்திரண்டு வருஷமாகக் கிண்டல் செய்துவருகிறேன்.

இன்று விடிந்ததிலிருந்து மனிதருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கட்டண உயர்வை எதிர்த்து மகளின் கல்லூரியில் ஊர்வலம். போலீஸில் பிடிபட்டால் யாரென்று தெரியக்கூடாது, அதனால் பெயர் உள்ள எதையும் கொண்டுவரக்கூடாதாம். செருப்பில் அப்பா எழுதியதை அவள் பிளேடால் சுரண்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்களும் காலேஜ்ல கொடி பிடிச்சவர்தானேப்பா. இப்ப மட்டும் என்ன பயம்?"

எனக்கே சொல்லாத கதையை, பூட்டைப் பார்த்தபடி சொன்னார். அவர்களுடைய ஊர்வலத்திலும் இதே உத்தரவுதான். போட்டவர் இவர். துப்பாக்கிச்சூட்டில் விழுந்த அறைத்தோழன், யாரென்றே தெரியாமல் ஐந்து நாள் பிணவறையில் கிடந்தான். இவர் ஓடி ஒளிந்திருந்தார். அந்த ஐந்து நாளும் அவனுடைய அம்மா ஹாஸ்டல் வாசலில் நின்று, மகன் எப்போது வருவான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"அவனைப் பேர் இல்லாம அனுப்பினது நான்தாம்மா."

நெற்றிக் கிண்டலை நினைக்கவே வெட்கமாக இருந்தது. மகள் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"எழுதுங்கப்பா. ஆனா போகாம இருக்க மாட்டேன்."

எழுதினார். காயும்வரை ஊதினார். சாவியை அவள் கையிலேயே கொடுத்தார்.

அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றேன். திடீரென்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, பேனாவை என்னிடம் கொடுத்துத் தன் கையை நீட்டினார்.

"நானும் அவ பின்னாலயே போறேன். என் பேரும் உன் நம்பரும். அழுத்தி எழுது."

ஓர் எண் கோணிவிட்டது. அதை அடித்துவிட்டு, கீழே முழு நம்பரையும் திரும்ப எழுதினேன்.